காலியாக இருந்த பத்தி

போன மாதம் பழைய சட்டைகளைக் கழித்துக் கட்டும்போது ஒரு பையிலிருந்து மளிகைக் கடை ரசீது ஒன்று விழுந்தது. முன்பக்கம் அச்சு மங்கிப்போய் விட்டது. பின்பக்கம் என் கையெழுத்து. நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ‘உள்ளே’ என்றும் வலப்பக்கம் ‘வெளியே’ என்றும் தலைப்பிட்டிருக்கிறேன். ‘உள்ளே’யின் கீழ் பொடி எழுத்தில் பதினேழு வரிகள். சிலவற்றுக்குச் சிவப்புப் பேனாவில் அடிக்கோடு. ‘வெளியே’யின் கீழ் மூன்று கேள்விக்குறிகள், ஒரு காப்பிக் கறை.

மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன இது, வீட்டுக் கணக்கா?” என்றாள். ஒருவகையில் அப்படித்தான். வரவெல்லாம் எழுதி, செலவை எழுதாமல் விட்ட கணக்கு.

சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் எங்கே போனேன் என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. கோயிலுக்கும் இல்லை, ஜிம்முக்கும் இல்லை. ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில், ஏசி குளிரில், என்னில் பாதி வயதுப் பையன்களோடு உட்கார்ந்து மேஜிக் த கேதரிங் ஆடிக்கொண்டிருந்தேன். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-இல் வெளிவந்த சீட்டாட்டம் அது. ரம்மி மாதிரி எல்லாருக்கும் ஒரே கட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து அவரவர் தேர்ந்தெடுத்து, குறைந்தது 60 கார்டுகளில் ஒரு டெக் கட்டிக்கொண்டு வரவேண்டும். ஆளுக்கு 20 உயிர். யாருடையது முதலில் பூஜ்யம் ஆகிறதோ அவர் தோற்றார்.

போட்டி என்றால் மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் எதிராளி என்ன கொண்டுவந்திருக்கிறான் என்று தெரியாது. அது முடிந்ததும் தெரிந்துவிடும். அப்போதுதான் சைட்போர்டு வெளியே வரும். தனியாக எடுத்துவைத்திருக்கும் 15 கார்டுகள். அவற்றிலிருந்து வேண்டியதை டெக்கில் சேர்த்து, வேண்டாததை எடுத்துவிட்டு, இரண்டாம் ஆட்டம் ஆடலாம். குலுக்குவதையும் சேர்த்து மூன்று நிமிடம். வீட்டில் எழுதிய சின்னக் குறிப்பை அந்த இடைவெளியில் பார்த்துக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. என் ரசீது அந்த வகையைச் சேர்ந்தது.

என்னுடையது பர்ன் டெக். பெயருக்கேற்ற தீ. எதிராளி என்ன செய்கிறான் என்று கவலைப்படாமல், அவன் தலையிலேயே நெருப்பைக் கொட்டி நான்காவது சுற்றுக்குள் முடித்துவிட வேண்டும். இந்தக் குலத்துக்குப் பெரிய வம்சாவளி உண்டு. 1996-இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர், ஜே ஷ்னைடர் வடிவமைத்த ஒரு சிவப்பு டெக்கோடு போய் இரண்டாம் இடம் பிடித்தார். தனித்தனியாகப் பார்த்தால் குப்பைக் கார்டுகள். ஆனால் முதல் சுற்றிலிருந்து கார்டு போடச் செலவாகும் மனா ஒன்றுகூட வீணாகாதபடி விலைவாரியாக அடுக்கியிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து டேவ் பிரைஸ் லாஸ் ஏஞ்சலஸ் ப்ரோ டூரையே ஒரு சிவப்பு டெக்கால் ஜெயித்தார். அந்தப் பரம்பரையின் கடைக்கோடியில், யாரும் அழைக்காமல் போய் உட்கார்ந்தவன் நான்.

2015 வாக்கில் மாடர்ன் வகைப் போட்டிகளுக்கு நான் கட்டிய டெக் எளிமையானது. பத்து வகைக் கார்டு, ஒவ்வொன்றிலும் நான்கு. கோப்ளின் கைடு, மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர், ஐடோலன், லைட்னிங் போல்ட், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட் என்று போகும். ஆக நாற்பது. மீதி இருபது, மனா தரும் லேண்டு. இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் என் மடத்தனம் புரியாது.

முதலில் ஆடுகிறவன் நான்காவது சுற்றுக்குள் பார்ப்பது பத்துக் கார்டு. கையில் வரும் ஏழு, பிறகு இழுக்கும் மூன்று. அந்தப் பத்தில் மூன்றோ நான்கோ லேண்டாகப் போய்விடும். மிஞ்சுவது ஆறு அல்லது ஏழு. ஒரு போல்ட் மூன்று உயிரை எடுக்கும். ஏழு மூன்று இருபத்தொன்று. எதிராளியின் உயிர் இருபது. அவ்வளவு இறுக்கமான கணக்கு. அந்த ஏழில் ஒன்று தீ இல்லாத வேறு ஏதோ ஒன்றாக இருந்தால் பதினெட்டு. இரண்டு இருந்தால் பதினைந்து. எதிராளி ஐந்து உயிரோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

மிளகு ரசம் வைக்கிறோம். காரம் கொஞ்சம் தூக்கலோ என்று ஒரு கரண்டி பருப்பு. புளிப்பு போதாதோ என்று இன்னொரு தக்காளி. சும்மா இருக்கிறதே என்று நாலு முருங்கைக்காய். கடைசியில் ருசி பார்த்தால் அது ரசமும் இல்லை, சாம்பாரும் இல்லை. என் இரண்டாம் ஆட்டங்கள் எல்லாம் அந்தப் பாத்திரத்திலிருந்து வந்தவை.

சொல்லப்போனால் பழைய விதி என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சைட்போர்டிலிருந்து ஒன்று உள்ளே போனால் ஒன்று வெளியே வந்தாக வேண்டும், எண்ணிக்கை மாறக்கூடாது. 2013-இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். அறுபதுக்குக் குறையக்கூடாது, கூடினால் பரவாயில்லை. எண்ணித் தொலைப்பதில் வரும் தவறுகளுக்குத் தண்டனை கொடுப்பதைக் குறைக்கத்தான். நல்ல நோக்கம். ஆனால் எதையும் தூக்கிப்போட மனம் வராத ஒருவனிடம் பெரிய பீரோவைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு வெள்ளிக்கிழமை இரண்டாம் ஆட்டத்துக்கு 64 கார்டுகளோடு போய் உட்கார்ந்தேன். எதிரில் ஒரு தமிழ்ப் பையன், பாலிடெக்னிக் மாணவன். குலுக்குவதற்காக என் டெக்கைக் கையில் வாங்கியவன், சற்றுத் தூக்கிப் பார்த்தான், மார்க்கெட்டில் முலாம்பழத்தைத் தூக்கிப் பார்ப்பதுபோல. “அண்ணே, கொஞ்சம் கனமா இருக்கே” என்றான். மூன்றாவது ஆட்டம் முடியும்போது நான் அவனுக்கு அங்கிள் ஆகிவிட்டிருந்தேன்.

இனி டிஸ்ட்ரக்டிவ் ரெவெல்ரி கதை. இதைச் சொல்ல இன்றும் காது சூடாகிறது.

பர்ன் ஆடுகிறவர்களின் கெட்ட கனவு ஒன்று உண்டு. பெயர் லேலைன் ஆஃப் சாங்க்டிட்டி. ஆரம்பக் கையிலேயே வந்துவிட்டால், ஆட்டம் தொடங்குமுன் ஒரு காசு செலவில்லாமல் மேசையில் வைத்துவிடலாம். அதற்குப் பிறகு எதிராளியைக் குறிவைத்து ஒரு போல்ட்கூடப் போட முடியாது. கையில் ஏழு தீக்குச்சி இருந்தும் உரச இடமில்லாத நிலை. அதை உடைக்கத்தான் சைட்போர்டில் நான்கு ரெவெல்ரி வைத்திருந்தேன். ஆர்ட்டிஃபாக்ட், என்சான்ட்மென்ட் என்ற வகைக் கார்டுகளில் ஒன்றை உடைத்து, அதன் சொந்தக்காரனுக்கு இரண்டு அடியும் கொடுக்கும். நல்ல கார்டுதான். உடைக்க ஏதாவது இருந்தால்.

ஒரு தகுதிச்சுற்றில் எதிராளி பச்சை-வெள்ளை டெக். முதல் ஆட்டம் ஜெயித்துவிட்டேன். உடனே பயம் வந்தது. வெள்ளை ஆடுகிறான், லேலைன் வைத்திருப்பான், கண்டிப்பாக வைத்திருப்பான். வைத்திருப்பதாக அவன் சொல்லவில்லை, முகத்திலும் எதுவும் தெரியவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம். நான்கு ரெவெல்ரியும் உள்ளே போயின. வெளியே போனவை நான்கு லாவா ஸ்பைக். ஒரு மனாவுக்கு மூன்று அடி கொடுக்கும், வேறு எதுவும் தெரியாத அப்பாவிக் கார்டு அது.

அவனிடம் லேலைன் இல்லை. ஆட்டம் இழுத்தது. அவன் உயிர் 3. என் கையில் இரண்டு ரெவெல்ரி. மேசையில் என் ஐடோலன் நிற்கிறது. என் சுற்று, ஒரு கார்டு இழுக்க வேண்டும்.

அந்த நேரத்தில் ஒவ்வொரு பர்ன் ஆட்டக்காரனுக்கும் கிரெய்க் ஜோன்ஸ் ஞாபகம் வரும். 2006, ஹொனலுலு ப்ரோ டூர் அரையிறுதி. எதிரில் ஒலிவியே ருயேல். அடுத்த சுற்றில் தோல்வி உறுதி என்ற நிலையில் ஜோன்ஸ் கட்டின் மேல் கார்டை எடுத்து மேசையில் திருப்பிப் போட்டார். லைட்னிங் ஹீலிக்ஸ், சரியாக மூன்று அடி. பரிசுத்தொகை வித்தியாசத்தைக் கணக்கிட்டு அதைப் பதினாறாயிரம் டாலர் ஹீலிக்ஸ் என்பார்கள். அந்த வீடியோவை நான் பார்த்த தடவைக்கு என் கல்யாண வீடியோவைப் பார்த்திருந்தால் வீட்டில் நல்ல பெயராவது கிடைத்திருக்கும்.

நானும் அப்படியே மேல் கார்டை விரலால் தடவி, மூச்சை இழுத்துக்கொண்டு, திருப்பிப் போட்டேன்.

மூன்றாவது ரெவெல்ரி.

லாவா ஸ்பைக் வந்திருந்தால் அந்த நிமிடமே ஜெயித்திருப்பேன். இதை யார்மீது போடுவது? எதிராளியிடம் ஆர்ட்டிஃபாக்டும் இல்லை, என்சான்ட்மென்டும் இல்லை. மேசை முழுக்கத் தேடினால் இருந்த ஒரே என்சான்ட்மென்ட் என் ஐடோலன். அது க்ரீச்சரும் ஆகும், என்சான்ட்மென்டும் ஆகும். ஆக அந்த மூன்று கார்டையும் வைத்துக்கொண்டு விதிப்படி நான் செய்யக்கூடிய ஒரே காரியம், என் ஐடோலனை நானே உடைத்து எனக்கு நானே அடி கொடுத்துக்கொள்வது. செய்யவில்லை. அவ்வளவு விவேகம் இருந்தது. அவன் அடுத்த சுற்றில் அடித்துவிட்டான்.

வீட்டுக்குப் போகும் கடைசி ரயிலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கார்டில் நான்கு லேலைன் இருந்தாலும் ஆரம்பக் கையில் ஒன்றாவது வர நூற்றுக்கு நாற்பது வாய்ப்புதான். மீதி அறுபதில் அது நான்கு மனா கேட்கும் மந்தமான கார்டு. நான் ஆடும் வேகத்துக்கு அது மேசைக்கு வருமுன் பாதி நாள் ஆட்டமே முடிந்திருக்கும். எதிராளியிடம் இருக்கிறதா என்றே தெரியாத ஒரு கார்டுக்கு, அதுவும் பத்தில் நான்கு தடவை வரும் கார்டுக்குப் பயந்து, என்னிடம் நிச்சயமாக இருந்த பன்னிரண்டு அடியைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். சரி, இனி ரெவெல்ரி கிடையாது என்று முடிவு கட்டினேன்.

அடுத்த வாரம் இன்னொருவன். இரண்டாம் ஆட்டம். ஏழு கார்டைப் பார்த்து வைத்துக்கொள்கிறேன் என்று நான் தலையாட்டியதும், அவன் கையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மெதுவாக மேசையில் வைத்தான். லேலைன். நான் சிரித்தேன். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

அதிலும் ஒரு வழி இருந்தது என்பதுதான் கொடுமை. லேலைன் தடுப்பது குறிவைப்பதை மட்டும். கோப்ளின் கைடு நேராக ஓடிப்போய்க் குத்தினால் அது தடுக்காது. ஐடோலன் கொடுக்கும் அடியையும் தடுக்காது, ஏனென்றால் அது யாரையும் குறிவைப்பதில்லை. க்ரீச்சர்களை நம்பி ஆடியிருக்கலாம். ஆனால் அந்த ஆட்டத்தில் நான் இரண்டாவதாக ஆடுகிறவன். இரண்டாவதாக ஆடும்போது கோப்ளின் கைடின் பலம் குறையும் என்று எங்கோ படித்ததை நம்பி, அன்றைக்கு நான் எடுத்துவைத்திருந்தது அந்த நான்கு கைடுகளைத்தான். சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது, சாவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன் நானே.

ஐடோலன் என்று சொன்னேன். அதன் குணம் விசித்திரம். மூன்று மனாவோ அதற்குக் குறைவாகவோ உள்ள ஸ்பெல்லை யார் போட்டாலும் அவருக்கு இரண்டு அடி. யார் என்று பார்க்காது, என்னையும் சேர்த்துத்தான். பெரிய கார்டுகளைத் தேடி நிதானமாகச் சின்னச் சின்ன ஸ்பெல் போடும் டெக்குகளுக்கு அது எமன். ஆனால் எதிராளியும் பர்ன் ஆடுகிறான், முதலில் ஆடுவதும் அவன்தான் என்றால் ஐடோலனை எடுத்துவிட வேண்டும். இது பாலர் வகுப்புப் பாடம். நாம் ஏற்கனவே பின்தங்கியிருக்கிறோம். இருவருக்கும் சமமாக அடிவிழுந்தால் முதலில் விழுகிறவர் நாம்தான். எனக்கும் தெரியும். அப்படி ஓர் எதிராளி வந்த அன்று எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், ஒவ்வொன்றையும் நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தேன். அவ்வளவு விலையுள்ளதைப் பெட்டிக்குள் வைக்க மனசு வரவில்லை.

முடிவில் எதிராளியின் உயிர் 3. என் உயிர் 2. என் கையில் லைட்னிங் போல்ட். மேசையில் என் ஐடோலன். போல்ட் போட்டால் அவன் செத்தான். ஆனால் போல்ட் போய்ச் சேருமுன் ஐடோலனின் இரண்டு அடி எனக்கு வந்து சேரும். நான் முதலில் சாவேன். சரியான கார்டு, சரியான நேரம், போட முடியாது. அந்தப் போல்டைக் கையில் பிடித்தபடி இரண்டு சுற்று உட்கார்ந்திருந்தேன். எதிராளி எட்டிப் பார்த்து, “ஏன் சும்மா இருக்கிறீர்கள்?” என்று கண்ணால் கேட்டான். ஆட்டம் முடிந்ததும் காட்டினேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

இன்னொன்று டிஃப்லெக்டிங் பாம். எதிராளியின் அடியைத் தடுத்து அவனுக்கே திருப்பிவிடும் கார்டு. பத்தடி அடிக்கிற பூதம் வந்தால் பத்தும் அவனுக்கே. வாங்கிய நாளிலிருந்து அந்தப் பத்தடிக் காட்சி மனசில் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு ஒரு கட்டுரையும் துணை. மைக் ஃபுளோரஸ் 1999-இல் எழுதியது. இருவரில் யார் அடிக்கிறவர், யார் தாங்குகிறவர் என்று தெரியாமல் ஆடினால் தோல்விதான் என்பது அதன் சாரம். மேஜிக் பற்றி எழுதப்பட்டதில் இன்றும் அதிகம் பேசப்படும் கட்டுரை. நான் ஐந்து தடவை படித்துவிட்டு, சைட்போர்டு செய்த பிறகு நான் தாங்குகிறவன் என்று புரிந்துகொண்டேன். பதுங்கி உட்கார்ந்து, பெரிய அடி வரட்டும் வரட்டும் என்று காத்திருந்தேன். எதிராளியிடம் இரண்டு சின்ன க்ரீச்சர். தினக்கூலி மாதிரி ஒவ்வொரு சுற்றும் ஒன்றும் இரண்டுமாக வாங்கிக்கொண்டு போனான். இதற்கெல்லாம் பாமைச் செலவழிப்பதா? பாம் கையில் புத்தம் புதிதாக இருக்க, சில்லறை சில்லறையாகச் செத்துப்போனேன்.

இதுவரை சொன்னவை அறிவுக் குறைவு. அடுத்தது வெறும் மறதி. சைட்போர்டு செய்ததை அடுத்த எதிராளியிடம் போகுமுன் கழற்றி, டெக்கைப் பதிவு செய்த பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட வேண்டும். அந்தத் தகுதிச்சுற்றில் மூன்றாவது எதிராளியைக் கஷ்டப்பட்டு ஜெயித்த மகிழ்ச்சியில் கீழே போய் ஒரு தே ஓ குடித்துவிட்டு வந்தேன். நான்காவதாக வந்தவன் அஃபினிட்டி, முழுக்க ஆர்ட்டிஃபாக்ட் டெக். முதல் ஆட்டம். அவன் க்ரேனியல் பிளேட்டிங்கை வைத்த மறுநிமிடம், நான் ஸ்மாஷ் டு ஸ்மித்தரீன்ஸைப் போட்டேன். அதை உடைத்து, அவனுக்கு மூன்று அடி. என் வாழ்நாளில் இவ்வளவு பொருத்தமாக ஒரு கார்டு விழுந்ததில்லை. பூரித்துப்போய் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கையை உயர்த்தி ஜட்ஜைக் கூப்பிட்டான்.

முதல் ஆட்டத்தில் அந்தக் கார்டு என் டெக்கில் இருக்கவே கூடாது. அன்றைய விதிப்படி அந்த ஆட்டம் போயிற்று. ஜட்ஜ் படிவத்தை எழுதிக்கொண்டே, மற்ற சைட்போர்டு கார்டுகள் எங்கே என்று கேட்டார். டெக்கைப் புரட்டினால் இன்னும் மூன்று உள்ளே இருந்தன. முந்திய எதிராளியிடம் அவை எதற்குமே பயன்படவில்லை.

அன்று இரவு, என் டெக்கைத் தூக்கிப் பார்த்த அதே பையன் கோப்பிக்கடையில் எதிரே வந்து உட்கார்ந்தான். அவன் முதல் எட்டு இடத்துக்குள் வந்திருந்தான். என் ரசீதைக் கேட்டு வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தான். “அங்கிள், இந்தப் பக்கம் எங்க?” என்று வலப்பக்கத்தைத் தட்டினான். பிறகு நாற்பது கார்டையும் மேசையில் பரப்பச் சொன்னான், லேண்டை விட்டுவிட்டு. “கண்ட்ரோல் டெக்கு எதிர்ல. க்ரீச்சரே கெடையாது. மூணு எடுங்க, பாப்போம்.”

சியரிங் பிளேஸ் போட எதிராளியிடம் ஒரு க்ரீச்சர் இருந்தாக வேண்டும். க்ரீச்சர் இல்லாதவனிடம் அது வெறும் அட்டை. கண் முன்னால் நான்கு சியரிங் பிளேஸ் வரிசையாகக் கிடக்கின்றன. நான் ஒரு ஸ்விஃப்ட்ஸ்பியரைத் தொட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டு ஒரு ஸ்கல்கிராக்கைத் தொட்டேன். அவன் கோப்பியைக் கலக்கினான். சியரிங் பிளேஸ் பக்கம் என் விரல் போனது, திரும்பி வந்தது. ஒருவேளை எதிராளி இரண்டாம் ஆட்டத்தில் க்ரீச்சர் கொண்டுவந்துவிட்டால்? இருபத்தைந்து நிமிடம். மூன்று நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை. கடைசியில் இரண்டு எடுத்தேன். மூன்றாவதை அவனே எடுத்துத் தன் பக்கம் கவிழ்த்து வைத்தான்.

அதற்கப்புறம் ஒருவழியாக மாறினேன் என்று எழுத ஆசைதான். ஊருக்குத் திரும்புமுன் ஆடிய கடைசி வெள்ளிக்கிழமை, இரண்டாம் ஆட்டத்துக்கு மூன்றே கார்டு மாற்றினேன். மூன்று உள்ளே, மூன்று வெளியே, எண்ணிப் பார்த்து அறுபது. ஆட்டம் தொடங்கியது, எனக்கு ஒரே ஒரு லேண்டு வந்தது, ஐந்தாவது சுற்றில் தோற்றேன். ஆனால் எல்லாம் முடிந்து டெக்கைப் பெட்டியில் போடுமுன், மாற்றிய மூன்றையும் மறக்காமல் கழற்றி வைத்தேன்.

அந்த டெக் இப்போது கோயம்புத்தூரில் பீரோவின் மேல்தட்டில், நாப்தலீன் உருண்டையோடு இருக்கிறது. ரசீதையும் அதிலேயே வைத்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் யாராவது மாடர்ன் ஆடுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நான்கு டிஸ்ட்ரக்டிவ் ரெவெல்ரி இருக்கிறது, உறையைவிட்டு எடுக்காதது, மூலை மடங்காதது. சும்மாவே தருகிறேன். ஐடோலனை மட்டும் கேட்காதீர்கள்.